பேஸ்மென்ட்டில் பார் கவுண்டர், பூல் டேபிள்: எந்த வேலையை முதலில் எடுப்பது?

கீழ்வீடு:

வணக்கம். எங்கள் வீட்டு பேஸ்மென்ட் இத்தனை நாளாக அட்டைப்பெட்டிகளுக்கும் பழைய சைக்கிளுக்கும்தான் பயன்படுகிறது. அதைக் காலி செய்து, நண்பர்கள் வந்தால் உட்கார்ந்து பேச ஒரு பார் கவுண்டர், ஒரு பூல் டேபிள், சீட்டாட ஒரு மேஜை, சுவரில் ஒரு டார்ட் போர்டு என்று அமைக்க ஆசை. மர வேலை எனக்கு ஓரளவு கைவரும். அலமாரி, கட்டில் எல்லாம் செய்திருக்கிறேன். அதனால் கவுண்டரையாவது நானே செய்ய வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

அறையின் உள்ளளவு 24 அடி நீளம், 15 அடி அகலம், உயரம் ஏழரை அடி. ஒரு குட்டைச் சுவரிலிருந்து ஐந்தரை அடி தள்ளி, அகலத்தின் நட்டநடுவில் ஒரு இரும்புத் தூண் நிற்கிறது. எப்படிப் படம் போட்டாலும் அது குறுக்கே வருகிறது. கதவு நீளச் சுவரில், தூண் இருக்கும் பக்கமாக. இறங்கி வரும் படிக்கட்டு ஒரு இடத்தில் திரும்பும். தரை வெறும் கான்கிரீட். மழைக்காலத்தில் லேசாக ஓத வாடை அடிக்கும், சுவரின் அடியில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது, ஆனால் தண்ணீர் தேங்கிப் பார்த்ததில்லை.

எட்டடி பூல் டேபிள் இதில் அடங்குமா? தூணை எடுத்துவிட முடியுமா? கவுண்டர் மேல்பலகைக்கு எபாக்ஸி (ஊற்றி இறுகவிடும் பிசின்) நல்லதா, வார்னிஷ் போதுமா? ஒரு சிங்க்கும் வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள், அது எவ்வளவு பெரிய வேலை? எதிலிருந்து ஆரம்பிப்பது என்றே புரியவில்லை.

ரசமட்டம்:

போகிற போக்கில் ஓத வாடை, வெள்ளைப் பொடி என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பார்ப்போம். மற்றக் கேள்விகள் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அந்தப் பொடி உப்பு. மண்ணிலிருக்கும் ஈரம் சுவருக்குள் ஏறி, அங்கிருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு உள்பக்கம் வருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விட, உப்பு மட்டும் சுவரில் தங்கிவிடுகிறது. தேங்கவில்லை என்றாலும் ஈரம் வந்துகொண்டுதான் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதன்மேல் நீர் புகாத பெயிண்டை அடித்து மூடினால் கொஞ்ச நாளில் கொப்புளித்து உரியும். அதை அப்படியே விட்டுவிட்டு முன்னால் மரச்சட்டம் நிறுத்தி ஜிப்சம் பலகை அடிப்பது அதைவிட மோசம். பின்பக்கம் பூஞ்சணம் பிடிப்பது வாடை வரும் வரை தெரியாது, தெரியும்போது எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

மழை பெய்யும்போது வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். கூரைத் தண்ணீர்க் குழாய் சுவரோரமாகவே கொட்டுகிறதா? மண் வீட்டைப் பார்த்துச் சரிந்திருக்கிறதா? சுவரிலிருந்து முதல் பத்தடிக்குள் ஆறு அங்குலமாவது வெளிப்பக்கம் வாட்டம் இருக்க வேண்டும். பெரும்பாலான பேஸ்மென்ட் ஈரம் இந்த இரண்டையும் சரிசெய்தாலே பாதிக்குமேல் குறைந்துவிடும், உள்ளே ஒரு பூச்சும் பூசாமலே.

தரைக்கு ஒரு சோதனை இருக்கிறது. பதினெட்டு அங்குலச் சதுரமாக ஒரு தடித்த பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரத்தையும் காற்று புகாமல் டேப் போட்டுத் தரையில் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பிரித்துப் பாருங்கள். தாளின் அடியில் ஈரம் கோத்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ தரை வழியாக ஈரம் ஏறுகிறது. தாளுக்கு மேலே வியர்த்திருந்தால் அறைக் காற்றில்தான் ஈரம் அதிகம், அதற்கு ஈரம் உறிஞ்சும் இயந்திரம் போதும். ஒரே இடத்தில் பார்க்காமல் நடுவிலும் மூலைகளிலும் ஒட்டிப் பாருங்கள், மழைக்காலத்தில் ஒருமுறை மறுபடியும்.

காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 30க்கும் 50க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. ஒரு சின்ன ஈரமானியை இப்போதே வாங்கி மாட்டிவிடுங்கள். பூல் டேபிளில் துணிக்கு அடியில் இருக்கும் ஸ்லேட் கல்லுக்கு ஈரத்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் அதைத் தாங்கும் மரச்சட்டம் உப்பும், துணி ஈரத்தைக் குடித்துப் பந்தின் வேகத்தை இழுக்கும், பந்தை அடிக்கும் கோல்கள் வளையும், சீட்டுக்கட்டு ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பேஸ்மென்ட்டை மணிக்கணக்காக ஆட்கள் உட்காரும் அறையாக்குகிறீர்கள் என்றால் ரேடான் சோதனை செய்துவிடுங்கள். மண்ணிலிருந்து தரை விரிசல் வழியாக வரும் கதிரியக்க வாயு அது, நிறமோ வாசனையோ கிடையாது. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த காரணமாகச் சொல்லப்படுகிறது. ஒரு கன மீட்டருக்கு 100 பெக்கரலுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சோதனைக் கருவியை வாங்கி அறையில் வைத்துவிட்டால் போதும். அளவு அதிகமாக இருந்தால் தரைக்கு அடியிலிருந்து காற்றை இழுத்து வெளியே விடும் குழாய் போட வேண்டும், அதைத் தரை மூடுவதற்கு முன்னால் போடுவது எவ்வளவோ எளிது.

கோல்முனை:

எட்டடி டேபிள் பற்றி. பூல் டேபிளுக்கு இடம் பார்க்கும்போது டேபிளின் அளவைவிடக் கோலின் நீளம்தான் முக்கியம். பந்து குஷனோடு (டேபிளின் ஓரத்து ரப்பர் விளிம்போடு) ஒட்டி நின்றாலும் கோலை நேராகப் பின்னிழுத்து அடிக்க முடிய வேண்டும். அதனால் ஆடும் பரப்போடு நாலு பக்கமும் ஒவ்வொரு கோல் நீளம் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கோல் 58 அங்குலம்.

எட்டடி டேபிளின் ஆடும் பரப்பு 88க்கு 44 அங்குலம். கூட்டினால் 17 அடிக்கு 13 அடி 4 அங்குலம் வருகிறது. உங்கள் 24 அடியில் மீதி 7 அடி. கவுண்டருக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள்: பின் அலமாரி ஒரு அடி, உள்ளே நின்று வேலை செய்ய மூன்று அடி, கவுண்டர் மேல்பலகை இரண்டு அடி, ஆக 6 அடி. ஸ்டூலுக்கு ஒரு அடிதான் மிச்சம், அதில் யாரும் உட்கார முடியாது.

ஏழடி டேபிள் என்றால் ஆடும் பரப்பு 78க்கு 39. கோலோடு 16 அடி 2 அங்குலத்துக்கு 12 அடி 11 அங்குலம். இப்போது ஸ்டூலுக்கு 1 அடி 10 அங்குலம் கிடைக்கிறது. உட்காருபவர் முழங்கால் கவுண்டருக்கு அடியில் போய்விடும் என்பதால் சமாளிக்கலாம். கவுண்டர் பக்கம் இடிக்கும்போது மட்டும் எடுத்து ஆட 48 அங்குலக் குட்டைக் கோல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லா ஷாட்டையும் குட்டைக் கோலால் அடிக்க வேண்டிய அறையில் டேபிள் போடவே போடாதீர்கள், ஆடுகிற ஆசையே விட்டுப்போகும். என் தீர்ப்பு ஏழடிதான், அதுவும் யோசிக்காமல்.

தூணை எடுக்காதீர்கள். பேஸ்மென்ட் நடுவில் நிற்கும் இரும்புத் தூண் பெரும்பாலும் மேல்தளத்து உத்தரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். அதில் கை வைப்பதென்றால் கட்டமைப்புப் பொறியாளர் வந்து கணக்குப் போட்டுத்தான். ஆனால் மேலே சொன்ன கணக்கில் கவுண்டர் மேல்பலகை சுவரிலிருந்து நாலாவது அடியில் ஆரம்பித்து ஆறாவது அடியில் முடிகிறது. உங்கள் தூண் ஐந்தரையில். சரியாகப் பலகைக்குள் வந்துவிடுகிறது! இத்தனை நாள் தொந்தரவாகத் தெரிந்த தூணைச் சுற்றியே கவுண்டரைக் கட்டிவிடலாம்.

டார்ட் போர்டை எதிர்க் குட்டைச் சுவரில், மூலையை ஒட்டி மாட்டுங்கள். ஏழடி டேபிள் சட்டத்தோடு சுமார் நாலரை அடி அகலம் என்று வைத்தால் இரண்டு பக்கமும் ஐந்தடிக்கு மேல் சந்து கிடைக்கும், அதன் நீளவாட்டில் எறியலாம். போர்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து 5 அடி 8 அங்குலம். எறியும் கோடு போர்டின் முகத்திலிருந்து 7 அடி 9¼ அங்குலம், சுவரிலிருந்து அல்ல. பின்னால் ஒரு தடித்த கார்க் அல்லது ரப்பர் பலகை இல்லாவிட்டால் சுவர் சல்லடையாகிவிடும். பூல் ஆட்டம் நடக்கும்போது டார்ட் வேண்டாம்.

டேபிளுக்கு மேலே விளக்கு தொங்கவிட்டால் அதன் அடிப்பாகம் ஆடும் பரப்பிலிருந்து 32 முதல் 36 அங்குலம் உயரத்தில் இருக்கட்டும். ஒற்றை பல்பு போடாதீர்கள், நடுவில் மட்டும் வெளிச்சம் விழுந்து ஓரத்துப் பந்துகள் நிழலில் நிற்கும்.

உளிச்சத்தம்:

கவுண்டரை நீங்களே செய்யப் போவதைப் படித்து மகிழ்ச்சியாக இருந்தது, அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உயரம் 42 அங்குலம், ஸ்டூலின் இருக்கை 30 அங்குலம். இந்த இரண்டுக்கும் நடுவில் 12 அங்குலம் இருந்தால்தான் தொடை இடிக்காது. ஸ்டூலை முதலில் வாங்கி உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கவுண்டர் உயரத்தை முடிவு செய்வது இன்னும் நல்லது. மேல்பலகை முன்பக்கம் 10 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், எட்டுக்குக் கீழே போனால் முழங்கால் பலகையில் முட்டும். கால் வைக்கும் குழாய் தரையிலிருந்து எட்டு அங்குலம் உயரத்தில். இதைப் பலர் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். உயரமான ஸ்டூலில் கால் தொங்கிக்கொண்டே இருந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் யாராலும் உட்கார முடியாது. ஆளுக்கு 24 அங்குலம் அகலம் கணக்கு. கதவு இல்லாத பக்கச் சுவரிலிருந்து பத்தடிக் கவுண்டர் போட்டால் தூணுக்கு விட்டது போக நாலு ஸ்டூல் தாராளமாக நிற்கும், மறுமுனையில் உள்ளே போக வரவும் வழி இருக்கும்.

கான்கிரீட்டில் படும் அடிச்சட்டம் மட்டும் பதப்படுத்திய மரமாக இருக்கட்டும், அதற்கும் தரைக்கும் நடுவில் ஒரு மெல்லிய ஃபோம் பட்டை கொடுங்கள். மேலே சாதாரண மரம் போதும். மேல்பலகைக்கு முக்கால் அங்குல ப்ளைவுட் இரண்டை ஒட்டித் திருகி, அதன்மேல் நல்ல மரம் போர்த்துவது ஒரு வழி. முழு மரமாகவே போட ஆசை என்றால், பலகைகளை வாங்கி வந்ததும் அறுக்காமல் பேஸ்மென்ட்டிலேயே சில வாரம் குறுக்குக்கட்டை கொடுத்து அடுக்கி வையுங்கள், அந்த அறையின் ஈரத்துக்கு மரம் பழகட்டும். அகலவாட்டில் மரம் உப்பும், சுருங்கும். அதனால் கீழிருந்து முடுக்கும் திருகுக்கு வட்டத் துளை போடாமல் நீள்துளை போடுங்கள், நகர இடம் கொடுத்தால் விரிசல் விடாது. தூணைச் சுற்றிலும் கால் அங்குலம் இடைவெளி விட்டு, காய்ந்தாலும் இளகியே இருக்கும் சீலன்ட்டால் நிரப்புங்கள். தூணில் எதையும் திருகாதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள். அழகுக்கு இரண்டு பாதியாகப் பெட்டி செய்து அதைச் சுற்றி மூடலாம்.

பூச்சு விஷயத்தில் ஒன்று மட்டும் கட்டாயம். அரக்கு பாலிஷ் பார் கவுண்டருக்கு ஆகவே ஆகாது. மற்ற மேஜைக்கெல்லாம் அதைப்போல் அழகு வேறில்லை, நானே ஆசையாக அடிப்பேன். ஆனால் அரக்கைக் கரைப்பதே ஆல்கஹால்தான், ஒரு கிளாஸ் சிந்தினால் அந்த இடம் பிசுபிசுத்துவிடும். எபாக்ஸி கண்ணாடி மாதிரி வரும், ஆல்கஹாலையும் நன்றாகத் தாங்கும். முதலில் மெல்லியதாக ஒரு கை பூசி மரத்தின் துளைகளை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மரத்திலிருந்து காற்று வந்து குமிழ் குமிழாக நிற்கும். அப்புறம் ஒவ்வொரு ஊற்றும் எட்டில் ஒரு பங்கு அங்குலத் தடிமனுக்கு மேல் போகாமல், குமிழ்களைச் சூட்டுத் துப்பாக்கியால் ஓட்டிவிட்டு, தூசி விழாமல் மூடி வையுங்கள். குளிர்ந்த பேஸ்மென்ட்டில் அது சரியாக இறுகாது, அறை 21 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று நாளில் தொடலாம், முழுதாக இறுக ஒரு வாரமாவது ஆகும். பிறகும் கொதிக்கும் பாத்திரத்தை நேராக வைத்தால் தடம் விழும்.

என்னைக் கேட்டால் நான் பாலியூரிதேன் வார்னிஷ் பக்கம்தான். மெல்லிசாக நாலைந்து கை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் லேசாக உப்புத்தாள். எபாக்ஸியின் பளபளப்பு வராது, ஆனால் சில வருடம் கழித்துக் கீறல் விழுந்தால் தேய்த்துவிட்டு இன்னொரு கை அடித்தால் முடிந்தது. எபாக்ஸியில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டால் தெரியும். எதை அடித்தாலும் பலகையின் அடிப்பக்கத்துக்கும் அடியுங்கள். மேல்பக்கம் மட்டும் மூடினால் அடிப்பக்கம் ஈரத்தை இழுத்துப் பலகை வளைந்துவிடும்.

அலமாரியில் வைன் பாட்டிலைப் படுக்க வைக்கவும், விஸ்கி போன்றவற்றை நிறுத்தி வைக்கவும் தனித்தனி இடம் விடுங்கள். கார்க் காயாமலிருக்க வைனைப் படுக்க வைக்கிறோம், விஸ்கியைப் படுக்க வைத்தால் அதன் ஆல்கஹால் கார்க்கையே அரித்துவிடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கீழ் அலமாரிக்குப் பூட்டு அவசியம்.

நாலுகை:

எல்லோரும் பூல் டேபிள் வருகிறது என்று முடிவு கட்டிவிட்டுத்தான் பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் மறுத்துச் சொல்கிறேன். 16க்கு 13 அடி இடத்தை ஒரே ஒரு ஆட்டத்துக்கு நிரந்தரமாக எழுதிக்கொடுப்பது அது. ஒரு நேரத்தில் இரண்டு பேர் ஆட, மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டும். நீங்கள் சொன்ன சீட்டு மேஜை இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நாலடி எண்கோண மேஜைக்கு நாற்காலிகளோடு ஒன்பதடி வட்டம் வேண்டும். அதே இடத்தில் சீட்டு மேஜை ஒன்று, கேரம் போர்டு ஒன்று, இரண்டும் போட்டு எட்டுப் பத்துப் பேர் ஒரே சமயத்தில் ஆடலாம். கேரம் போர்டு சட்டத்தோடு மூன்றடிதான், நாலு நாற்காலிக்கும் சேர்த்து எட்டடிச் சதுரம் போதும், ஆடி முடித்ததும் சுவரில் சாய்த்துவிடலாம்.

வீட்டில் சாதாரண நாட்களில் யார் கீழே இறங்கி எதை ஆடுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நண்பர்கள் வரும் நாளை மட்டும் மனதில் வைத்து அறை அமைத்தால் மற்ற நாட்களில் அது இருட்டாகத்தான் கிடக்கும்.

கீழ்வீடு:

இவ்வளவு விவரமாக யாரும் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. தூண் கவுண்டருக்குள் அடங்கும் என்று படித்ததும் போய் அளந்து பார்த்தேன், அப்படியே வருகிறது.

நாலுகை சொன்னதை வீட்டில் வைத்துப் பேசினோம். பூல் எனக்கும் மகளுக்கும் உயிர், அதை விட முடியாது. ஏழடியே போதும். ஆனால் சீட்டு மேஜைக்கு இடமில்லை என்பது உண்மை. பூல் டேபிள் மேல் போடும் மூடிப்பலகை வாங்கினால் அதையே சீட்டாடவும் வைத்துக்கொள்ளலாமா? அப்புறம் அந்தப் படித் திருப்பத்தில் டேபிள் இறங்குமா? சிங்க் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

கோல்முனை:

மூடிப்பலகை நல்ல யோசனை, ஆனால் வாங்கும் முன் முழங்காலைப் பாருங்கள். பூல் டேபிளின் பக்கப்பலகை கீழே நிறைய இறங்கியிருக்கும், நாற்காலியில் உட்கார்ந்தால் தொடை அதில் முட்டும். தரையிலிருந்து பக்கப்பலகையின் அடிவிளிம்பு வரை 24 அங்குலமாவது இருக்கும் டேபிளாகத் தேடுங்கள், உணவு மேஜையாகவும் பயன்படும்படி செய்யப்பட்டவற்றில் இது சரியாக இருக்கும். மூடியின் அடியில் ஃபெல்ட் ஒட்டியிருக்க வேண்டும், மூன்று துண்டாக இருந்தால் ஒரே ஆள் எடுத்து வைக்கலாம்.

படியைப் பொறுத்தவரை மூன்று துண்டு ஸ்லேட்டைக் கேட்டு வாங்குங்கள். துண்டு துண்டாக இறக்கி, கீழே சேர்த்து, ரசமட்டம் வைத்துச் சரிசெய்து, இணைப்பை மெழுகால் நிரப்பித் துணி இழுப்பார்கள். மொத்தம் 300 கிலோ அளவில் வரும், ஒரே துண்டு ஸ்லேட் அந்தத் திருப்பத்தில் திரும்பாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) தளம் போட்ட டேபிளை மட்டும் அந்த ஓத அறைக்கு எடுக்காதீர்கள். கவுண்டர் கட்டுவதற்கு முன்னால் தரையில் சாக்பீஸால் டேபிளை வரைந்து, கோலைக் கையில் பிடித்து நாலு பக்கமும் குனிந்து பாருங்கள்.

ரசமட்டம்:

சிங்க் பற்றி. தண்ணீர் கொண்டுவருவது எளிது, வெளியேற்றுவதுதான் வேலை. வீட்டுக் கழிவுக் குழாய் பேஸ்மென்ட் தரைக்குக் கீழே போகிறதா, சுவரில் மேலே போகிறதா என்று முதலில் பாருங்கள். கீழே போனால் ஒரு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் கொடுத்து இணைத்துவிடலாம், தரையைக் கொஞ்சம் உடைக்க வேண்டியிருக்கும். மேலே போனால் சிங்க்குக்கு அடியில் சின்னத் தொட்டியும் பம்ப்பும் வைத்து மேலே தள்ள வேண்டும், தள்ளிய தண்ணீர் திரும்பாமல் ஒரு வால்வும், காற்றுப்போக்கிக் குழாயும் அதோடு வரும். இது கற்ற பிளம்பர் செய்ய வேண்டிய வேலை, உங்கள் ஊர் விதிப்படி அனுமதியும் தேவைப்படலாம்.

கஷ்டம்தான், ஆனால் உங்கள் இடத்தில் எனக்கு அது வீண் செலவாகத் தோன்றவில்லை. ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் தண்ணீரை அதே குழாயில் விட்டுவிடலாம், தினமும் வாளி தூக்கிக் கொட்ட வேண்டாம். அந்த இயந்திரம் நிற்காமல் ஓடினால்தான் மரமும் துணியும் பிழைக்கும். வாளி நிறைந்து அது நின்றுபோவதுதான் வழக்கமான சிக்கல். சிங்க்கைப் பல வாரம் பயன்படுத்தாவிட்டால் அடியிலிருக்கும் வளைவுக் குழாயில் தண்ணீர் வற்றி சாக்கடை வாடை வரும், அவ்வப்போது ஒரு குவளை ஊற்றிவிடுங்கள்.

பின் அலமாரி ஒரு அடி ஆழம்தான் என்பதால் சிங்க்கையும் சின்ன ஃப்ரிட்ஜையும் கவுண்டரின் மூடிய மூலையில் வைத்து, அந்த நாலடிக்கு மட்டும் ஆழத்தை 24 அங்குலமாக்குங்கள். ஃப்ரிட்ஜ் முன்பக்கமாக வெப்பம் விடும் வகையாக இருக்கட்டும். பின்பக்கம் வெப்பம் விடுவதை அலமாரிக்குள் அடைத்தால் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடிக் கெட்டுப்போகும். சிங்க்குக்குப் பக்கத்து பிளக் எல்லாம் மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் பாதுகாப்போடு இருக்க வேண்டும். டேபிள் விளக்கு, கவுண்டர் விளக்கு, பொது விளக்கு மூன்றுக்கும் தனித்தனி ஸ்விட்ச்.

ஆக வரிசை: வெளியே தண்ணீர் வழிகளைச் சரிசெய்து ஒரு மழைக்காலம் ஈரமானியைப் பாருங்கள். அது ஒழுங்காக இருந்தால் சிங்க் குழாயும் மின்வயரும், அப்புறம் சுவர், தரை, அதற்கடுத்து கவுண்டரின் சட்டம். மேல்பலகையின் பூச்சு வேலை முழுதாகக் காய்ந்த பிறகு டேபிளைக் கொண்டுவரச் சொல்லுங்கள், உப்புத்தாள் தூசி அந்தத் துணியில் படியவே கூடாது.